குழாயில் வருவது குடிநீரா, கழிவுநீரா?

காலையில் குழாயைத் திறந்ததும் முதல் குடத்தை என்ன செய்கிறீர்கள்? முகர்ந்து பார்க்கிறீர்கள். நாற்றம் அடித்தால் கீழே கொட்டிவிட்டுக் கடைக்கு ஓடிப்போய் ஒரு கேன் தண்ணீர் வாங்குகிறீர்கள். சென்னையின் பழைய தெருக்களில் இது பழகிப்போன காட்சி. பழகிப்போனதுதான் ஆபத்து!

இந்தத் தண்ணீர் சும்மா வரவில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளிலிருந்து வருகிறது. 1983 ஒப்பந்தத்தின்படி, 1996 முதல் ஆந்திரத்தின் கண்டலேறிலிருந்து கிருஷ்ணா நீர் வருகிறது. 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வீராணம் நீர். மீஞ்சூரில் 2010லும் நெம்மேலியில் 2013லும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலேயே தண்ணீர் வந்தது!

இத்தனை செலவில் வரும் ஏரி நீர், சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்டி, குளோரின் கலந்துதான் அனுப்பப்படுகிறது. பிறகு எங்கே கெடுகிறது? பெரும்பாலும் நம் தெருவில்தான்!

பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் அருகருகே கிடக்கின்றன. தண்ணீர் விடுவதோ சில மணி நேரம். மற்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லை. விரிசல் இருந்தால் சுற்றியுள்ள கழிவு உள்ளே கசிகிறது. போதாததற்கு நாமே மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டி உறிஞ்சுகிறோம். நம் வீட்டுக்கு மட்டுமா? பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சாக்கடையை இழுக்கிறோம்! வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் வீடு தேடி வருகின்றன. முதலில் படுத்துவிடுவது குழந்தைகள்.

வசதியுள்ளவர் கேன் வாங்கித் தப்பிக்கலாம். அன்றாடக் கூலியில் பிழைக்கும் தாய் எங்கே போவாள்? வரியும் கட்டி, தண்ணீருக்கும் விலை கொடுப்பது என்ன நியாயம்?

வீட்டுக் குழாயில் வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர அளவு. நம் தெருவில் அது இருக்கிறதா? சோதித்துச் சொல்லுங்கள் என்று கேட்போம். உடைந்த குழாயை மாற்றுங்கள் என்று கேட்போம். குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் சொல்லி, அதன் எண்ணைக் குறித்து வைப்போம். கட்சி, சமுதாயம் பாராமல் தெருவே கையெழுத்திட்டு மனுக் கொடுப்போம். அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். குழாயில் மாட்டிய மோட்டாரை இன்றே கழற்றுங்கள்!

கேன் வாங்கிக்கொண்டு மௌனமாக இருந்தால், குழாய் ஒருநாளும் சரியாகாது.