போர்டுல ஏழு, பாஸ்புக்ல மூணு!

உங்க சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு எத்தனை பர்சென்ட் வட்டின்னு கேட்டா டக்குனு சொல்வீங்களா? எங்க குடவாசல் செட்டுல கேட்டுப் பார்த்தேன். டேட்டா பேக் விலை எல்லாருக்கும் பைசா சுத்தமாத் தெரியுது. வட்டி மட்டும் ஒருத்தருக்கும் தெரியலை. ஆனா, ‘பெரிய பேங்க்ல ஏன் போட்டு வெச்சிருக்கே... சின்ன பேங்க்ல அள்ளிக் கொடுக்கிறானாமே’ன்னு சொல்றதுக்கு மட்டும் தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. அவங்க சொல்றது நிஜமான்னு கால்குலேட்டரைத் தட்டினேன்.

முதல்ல ஒரு பழைய கதை. 2011 அக்டோபர் 25 வரைக்கும் சேவிங்ஸ் வட்டியை ரிசர்வ் பேங்க்தான் முடிவு பண்ணுச்சு. எந்த பேங்குக்குப் போனாலும் ஒரே ரேட். அதுக்கப்புறம்தான், ‘உங்க இஷ்டம்’னு விட்டாங்க. 2016-லிருந்து ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்க்குகள் வர ஆரம்பிச்சது. நம்ம சென்னை ஈக்விடாஸ்கூட அந்த வருஷம்தான் அப்படி மாறுச்சு. புதுசா கடை போட்டவருக்குக் கூட்டம் வேணுமே! ஆறு, ஏழுன்னு போர்டு வெச்சாங்க. இந்தப் பக்கம் ஸ்டேட் பேங்க், 2025 ஜூன்ல 2.5 பர்சென்ட்டுக்கு இறங்கிடுச்சு.

அப்போ உடனே மாறிடலாமா? இருங்க பாஸ். ஒரு லட்சம் வரைக்கும் உள்ள பணத்துக்கு ஒரு பேங்க் எல்லாருக்கும் ஒரே ரேட் தரணும், அதுக்கு மேலே உள்ள பணத்துக்கு வேற வேற ரேட் வெச்சுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் விதி. அதனால போர்டுல கொட்டை எழுத்துல இருக்கிற நம்பர் பெரும்பாலும் லட்சங்களைத் தாண்டின பணத்துக்குத்தான். முதல் லட்சத்துக்கான நம்பர் அடியில எறும்பு சைஸ்ல இருக்கும்.

நம்ம கேஸை எடுத்துக்கலாம். 2022-ல புதுமைப் பெண், 2024-ல தமிழ்ப் புதல்வன்னு திட்டங்கள் தொடங்குனப்ப, அரசுப் பள்ளியில படிச்சுட்டு காலேஜ் வந்தவங்க கணக்குல மாசம் 1,000 ரூபாய் ஏறுச்சு. அந்த மாதிரி மாசாமாசம் வர்ற ஆயிரத்தை ஒரு பைசா தொடாம (சும்மா வெச்சுக்குவோமே!) ஒரு வருஷம் சேர்த்தா, 2.5 பர்சென்ட்ல வட்டி சுமார் 162 ரூபாய். சின்ன பேங்க்ல முதல் லட்சத்துக்கு 3 பர்சென்ட்னு வெச்சா 195. வித்தியாசம் 33 ரூபாய்! மினிமம் பேலன்ஸ் கொஞ்சம் குறைஞ்சு அபராதம் போட்டாங்கன்னா அதுவும் காலி.

அமெரிக்காவுல சின்ன ஊர் பேங்க்குகள்ல இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கு. ‘ரிவார்டு செக்கிங்’னு பேரு. மாசத்துக்குப் பத்து, பன்னிரண்டு தடவை டெபிட் கார்டைத் தேய்ச்சா நல்ல வட்டி. அதுவும் குறிப்பிட்ட தொகை வரைக்கும்தான். அதுக்கு மேலே இருக்கிற பணத்துக்கு வட்டி பொசுக்குனு இறங்கிடும். தேய்க்க மறந்தாலும் அந்த மாசம் அதே கதி. நம்ம மாதிரி சின்னப் பார்ட்டிக்கு ஏன் அள்ளித் தர்றான்? ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் கடைக்காரர் கட்டுற கமிஷன்ல ஒரு பங்கு கார்டு கொடுத்த பேங்குக்குப் போகுது. 2010-ல வந்த சட்டம் பெரிய பேங்க்குகளோட அந்தப் பங்குக்கு உச்சவரம்பு வெச்சுது. 1,000 கோடி டாலருக்குக் கீழே சொத்து உள்ள பேங்க்குகளுக்கு விலக்கு. அதுல ஒரு துண்டைத்தான் வட்டியா திருப்பித் தர்றாங்க.

இங்கே? 2020 ஜனவரியிலிருந்து ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ-க்கும் கடைக்காரர்கிட்ட வாங்குற கமிஷன் பூஜ்யம். கடைவீதியில நீங்க ஒரு நாளைக்குப் பத்து டீக்கு ஸ்கேன் பண்ணினாலும் பேங்குக்கு அதுல நயா பைசா தேறாது. தூங்குற பணத்தைக் கடன் கொடுத்துத்தான் அவங்க சம்பாதிக்கணும். அதான் பெரிய தொகைக்குப் பெரிய வட்டி.

சரி, அந்தப் பெரிய தொகை யார்கிட்ட இருக்கு? உங்க அப்பாகிட்ட! சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்துல நெல் போட்டு, பணம் அக்கவுன்ட்டுல விழுந்த நாள்லேருந்து குறுவைக்கு உழவு ஓட்டுற வரைக்கும் நாலு மாசம் அது சும்மா கிடக்குது. 2 லட்சம்னு வைங்க. 2.5-ல நாலு மாசத்துக்கு 1,667 ரூபாய். முதல் லட்சத்துக்கு 3, அடுத்த லட்சத்துக்கு 6-ன்னு ஒரு பேங்க் கொடுத்தா 3,000. ‘டெர்ம் டெபாசிட்ல போடேன்’னு கேப்பீங்க. போடலாம்தான். ஆனா விவசாயி வீட்டுல எந்த வாரம் என்ன செலவு வரும்னு யாருக்குத் தெரியும்?

போஸ்ட் ஆபீஸ் 4 பர்சென்ட்டும் நல்ல ரேட்தான். ஒரே ஒரு சிக்கல், அங்கே ஒவ்வொரு மாசமும் 10-ம் தேதி முடிஞ்சதுலேருந்து மாசக் கடைசி வரைக்கும் இருந்த குறைஞ்ச பேலன்ஸுக்குத்தான் வட்டி. நெல்லுப் பணத்தை 12-ம் தேதி கொண்டுபோய்ப் போட்டா அந்த மாசம் அதுக்கு அல்வா. பேங்க்குகள் 2010 ஏப்ரல்லேருந்து தினசரி பேலன்ஸுக்குக் கணக்கு போடுறாங்க.

வட்டியை விடுங்க, முதல் பத்திரமா? சின்ன பேங்க்னா அப்பாக்கள் பயப்படுறதுல தப்பில்லை. பாங்க் ஆஃப் தஞ்சாவூர்னு ஒண்ணு இருந்துச்சு, தெரியுமா? 1990-ல இந்தியன் பேங்கோட இணைச்சுட்டாங்க. அதே டெல்டாவுல 1904-ல கும்பகோணம் பேங்க்னு தொடங்கினது, இன்னிக்கு சிட்டி யூனியன் பேங்க்கா நிக்குது. பேங்க் மூழ்கினா ஒருத்தருக்கு ஒரு பேங்க்ல அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கு. 2020 பிப்ரவரிக்கு முன்னாடி அது வெறும் ஒரு லட்சம்! ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்க்குக்கும் அதே 5 லட்சம்தான், ஸ்டேட் பேங்க்குக்கும் அதேதான். கும்பகோணம் மத்தியக் கூட்டுறவு வங்கி மாதிரியான மத்திய வங்கிகளும் இதுக்குள்ள வரும்.

ஆனா ஊர்ல நாம, ‘கூட்டுறவு பேங்க்’னு சொல்ற சொசைட்டி, அதாவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், இந்த இன்ஷூரன்ஸுக்குள்ள வராது. நிதி கம்பெனியும் வராது. பயிர்க்கடனுக்கு சொசைட்டியை விட்டா ஆள் இல்லை, அது வேற விஷயம். டெபாசிட்னு வரும்போது, ஞாயித்துக்கிழமை அப்பா பக்கத்துல உக்காந்து பாஸ்புக் அட்டையில போட்டிருக்கிற முழுப் பேரை மட்டும் ஒரு தடவை சத்தமா வாசிச்சுக் காட்டுங்க!