அதிராத மலை பாதுகாப்பான மலையா?

சுமத்ராவில் நிலம் ஆடினால் சில வேளைகளில் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் அதை உணர்கிறோம். மறுநாள் வகுப்பில், "சார், எரிமலை வெடிக்கப் போகுதா?" என்று கேள்வி வரும். நாம் உணரும் ஆட்டம் பெரும்பாலும் நிலத்தட்டுகள் நகர்வதால் வருவது. எரிமலையின் நிலையைச் சொல்பவை அதன் அடியிலேயே எழும் சின்னஞ்சிறு அதிர்வுகள். பாறைக்குழம்பு மேலேறும்போது பாறை உடைகிறது. குழம்பும் வாயுவும் இடுக்குகளில் நகர்கின்றன. நிலநடுக்கமானி இவற்றைப் பதிவு செய்யும்.

1991-இல் பிலிப்பைன்சின் பினாத்துபோ மலைக்கு அடியில் இத்தகைய அதிர்வுகள் பெருகின. அறிவியலாளர்கள் கருவிகள் வைத்துக் கவனித்து எச்சரித்தார்கள். ஜூன் 15-இல் அது பெரிதாக வெடிக்கும் முன்பே பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டிருந்தனர்.

இதை மட்டும் படித்துவிட்டு, அதிர்வு கூடாவிட்டால் ஆபத்தில்லை என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கவலை. மேற்கு சுமத்ராவின் மாராப்பி (ஜாவாவின் மெராப்பி வேறு) 2023 டிசம்பர் 3-இல் வெடித்தது. அதற்கு முன் ஆழத்து அதிர்வுகள் குறிப்பிடும்படி கூடவில்லை. மலையேறிகள் 24 பேர் இறந்தார்கள். அழுத்தம் மேற்பரப்புக்கு அருகிலேயே சேர்ந்தால் கருவிக்குக் கிடைக்கும் அறிகுறி குறைவு. எரிமலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்ற அறிவுறுத்தல் மட்டும் அன்றும் நடப்பில் இருந்தது.

உங்கள் அண்ணனோ அக்காவோ விடுமுறையில் சுமத்ராவுக்கு மலையேறப் போனால், "அங்கே எத்தனை கிலோமீட்டர் தடை?" என்று முதலில் கேளுங்கள்.