கோட்டின் முனையை இழுத்துப் பார்க்க விடுங்கள்

நம் கல்லூரிகள் பலவற்றில் கணினி வரைகலை ஆய்வகம் இன்னமும் டர்போ சி-யில்தான் நடக்கிறது. டாஸ்பாக்ஸைத் திறந்து, 640×480 புள்ளிகளும் 16 நிறங்களும் கொண்ட திரையில் பிரெசன்ஹாம் கோடு ஒன்றை வரைந்து, நிரலை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையொப்பம் பெற்றால் பயிற்சி முடிந்தது. மென்பொருள் பழையது என்பதன்று என் குறை. எதையும் மாற்றிப் பார்க்கும் தேவையே மாணவருக்கு அங்கு எழுவதில்லை.

பிரெசன்ஹாம் 1962இல் ஐபிஎம்மில் உருவாக்கிய அம்முறை, பின்னங்களைத் தவிர்த்து முழு எண்களாலேயே கோட்டை நகர்த்துகிறது. பாடநூல்கள் சாய்வை 0 முதல் 1 வரை என வரையறுத்துக்கொண்டே அதை விளக்கும். ஏன் அந்த வரம்பு? வாய்மொழித் தேர்வில் கேட்டால் மனப்பாட விடைதான் வரும். அதே நிரலை, உலாவியிலேயே இயங்கும் பி5.ஜேஎஸ்ஸில் எழுதி, கோட்டின் முனையைச் சுட்டியோடு இணைத்துப் பாருங்கள். சுட்டி 45 பாகையைத் தாண்டி மேலேறும். கோடோ 45 பாகையிலேயே நின்றுவிடும். வலப்புறம் ஒரு புள்ளி நகர்ந்தால் மேலே ஒரு புள்ளிக்கு மிகாமல்தான் இந்நிரலால் ஏற முடியும். வரம்பின் காரணம் அங்கே கண்முன் நிற்கிறது.

அணிப்பெருக்கலும் இப்படித்தான். ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட சதுரத்தைச் சுழற்றிப் பின் நகர்த்தினால் அது புதிய இடத்தில் தன் மையத்திலேயே சுழலும். நகர்த்திப் பின் சுழற்றினால் ஆதிப்புள்ளியைச் சுற்றிவரும். மொழியியல் பயின்றவனாகிய எனக்கு இது தமிழ்ச் சொல்லமைப்பை நினைவூட்டுகிறது. தொடரில் சொற்கள் இடம் மாறலாம். ஆனால் பன்மை விகுதிக்குப் பின்னரே வேற்றுமை உருபு வரும். ‘மரங்களை’ உண்டு, ‘மரத்தைகள்’ இல்லை.

கருவியைக் கொடுத்துவிட்டால் கற்றல் தானே நிகழும் என்று நம்புவோருடன் எனக்கு உடன்பாடில்லை. எண்களை இழுத்து வண்ணங்களை ரசித்துவிட்டு எழுந்து செல்வதும் எளிது. ‘இந்த எண்ணை இரட்டிப்பாக்கினால் படம் என்னவாகும்?’ என்பதற்கு முதலில் தாளில் விடை எழுதச் செய்ய வேண்டும். பிறகே இயக்க வேண்டும். கணிப்பும் படமும் முரணும் இடத்தில்தான் ஆசிரியருக்கு வேலை தொடங்குகிறது.

வசதியில்லை என்பது இங்கு வலுவான மறுப்பன்று. ஷேடர்டாய் போன்ற தளங்கள் நல்ல வரைகலை அட்டையைக் கோரலாம். இருபரிமாணக் கோட்டுக்கு ஆய்வகத்தின் பழைய கணினியே போதும். தடை மதிப்பெண் முறையில் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டுக்கு மதிப்பெண் உண்டு. தவறிப்போன கணிப்பையும் அதற்கு மாணவர் கண்ட காரணத்தையும் எழுத அதில் ஒரு பக்கமும் இல்லை.