பெரிய கட்டைக்குப் பெரிய வாள் வேண்டும், பேரைக் குறைக்க அல்ல



ஸ்டோர் விறகுக்கு வலுக்கூடிய செயின் சோ வாங்கப்போகிறோம் என்ற பேச்சு தோட்டங்களில் அடிபடுகிறது. கட்டைகள் பெருத்துவிட்டன, பழைய மெசின் இழுக்கவில்லை, பெரியது வந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று நிர்வாகம் சொல்கிறது. அதுவரை சரி. ஆனால் அதே மூச்சில், மெசின் பெரிதானால் இரண்டு ஆள் எதற்கு, ஒரு பேருக்கு உரிய அளவையும் கூட்டலாமே என்றும் சொல்கிறது. முதலாவதை நாம் வரவேற்கிறோம். இரண்டாவதை எதிர்க்கிறோம். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி எம் தலையில் ஏற்றுவதை அதைவிடக் கடுமையாக எதிர்க்கிறோம்.

விறகு வெட்டுவது சில்லறை வேலை என்று எவரும் நினைக்க வேண்டாம். கொழுந்து வாடவும் உலரவும் சூடு வேண்டும். ஒரு கிலோ தேயிலைத்தூள் செய்ய ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு எரிகிறது. மலைநாட்டில் அது யூகலிப்டஸ், சவுக்கு. கீழ்நாட்டில் மறுநடுகைக்காகச் சாய்க்கும் பழைய இறப்பர் மரம். பல வருடம் நின்ற யூகலிப்டஸின் அடிக்கட்டை இரண்டு அடிக் குறுக்களவைத் தாண்டும். அதைத் துண்டாக அறுத்து, கோடரியால் பிளந்தால்தான் அடுப்பு வாய்க்குள் போகும். பெண்கள் மலையில் பறித்த கொழுந்து தூளாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போவதற்கு இந்த வேலையும் வேண்டும். ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு மூட்டையிலும் விறகு வெட்டியவரின் உழைப்பு இருக்கிறது. சம்பளப் பேச்சில்தான் அவரைக் காணோம்.

பெரிய மெசின் வேண்டும் என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாமே. கிளை வெட்டும் சின்ன மெசினைக் கொண்டு இரண்டு அடிக் கட்டையை அறுக்கச் சொன்னால் என்ன நடக்கிறது? தகடு மறுபக்கம் எட்டாது. கட்டையைப் புரட்டிப் புரட்டி நாலு பக்கமும் அறுக்க வேண்டும். தகட்டின் நுனி மரத்துக்குள் புதைந்து நிற்கும். நுனியின் மேல்பாதி மரத்தில் இடித்தால் மெசின் கண் இமைக்கும் முன் முகத்தை நோக்கி எகிறும். எஞ்சின் திணறும், சங்கிலி சூடேறும், ஆள் தன் உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்துவார். மெசினுக்கு இல்லாத வலுவை மனிதனிடமிருந்து பிடுங்குவதற்குப் பெயர் சிக்கனம் அல்ல.

ஆனால் எந்தப் பெரிய மெசின்? இதை விலைப்பட்டியலைப் பார்த்து ஒபிசில் தீர்மானிக்க முடியாது. முதலில் கட்டையை அளக்க வேண்டும். ஒரே பக்கமாக அறுத்து முடிக்க, தகடு கட்டையின் குறுக்களவைவிட இரண்டு அங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும். அந்தத் தகட்டை இழுக்கக்கூடிய எஞ்சினை அதன் பிறகே பார்க்க வேண்டும். கிளைக்கும் சிறு விறகுக்கும் 14 அங்குலத் தகடும் 30 முதல் 40 சி.சி. எஞ்சினும் போதும். ஒன்றரை அடிக் கட்டைக்கு 18 அல்லது 20 அங்குலமும் 50 முதல் 60 சி.சி.யும் வேண்டும். இரண்டு அடிக் கட்டைக்கு 24 முதல் 28 அங்குலத் தகடும் 70 சி.சி.யும் அதற்கு மேலும் தேவை. சின்ன எஞ்சினில் நீளத் தகட்டை மாட்டிவிட்டு, பெரிய மெசின் கொடுத்துவிட்டோம் என்று சொல்வது ஏமாற்று.

வலு சும்மா வருவதில்லை. 70 சி.சி. மெசின், தகடு, சங்கிலி, பெற்றோல், ஒயில் எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோவை நெருங்கும். சரிவான மலையில் காலை முதல் மாலை வரை அதைத் தூக்கிக் கிளையும் கழிக்கச் சொன்னால் முதுகு தாங்காது. ஆகவே கிளைக்குச் சின்னது, கட்டைக்குப் பெரியது என இரண்டு மெசின் வேண்டும். பெரியது வந்ததும் சின்னதைப் பறித்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. சங்கிலி மழுங்கியிருந்தால் எத்தனை சி.சி. இருந்தும் பிரயோசனமில்லை. மரம் செதிலாக வராமல் மாவாகக் கொட்டினால் சங்கிலிக்கு அரம் போட வேண்டும். அரமும் மாற்றுச் சங்கிலியும் தோட்டத்தின் செலவு. அரம் போடும் நேரம் வேலை நேரம். அதைப் பேரிலிருந்து கழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

இனி ஆபத்துக்கு வருவோம். முழு வேகத்தில் சங்கிலி விநாடிக்குச் சுமார் 20 மீற்றர் ஓடுகிறது. லயத்தில் ஐந்தாறு காம்பிராவின் நீளத்தை அந்தப் பல் ஒரு விநாடியில் கடக்கிறது. எகிறும் மெசினை நிறுத்துவது சங்கிலி பிரேக். பழைய மாதிரிகள் சிலவற்றில் அது கிடையாது. மலிவாகக் கிடைத்தது என்று அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால், எத்தனை குதிரைவலு இருந்தாலும் அதைத் தொட மாட்டோம். காலுக்கு வேண்டியது செயின் சோவுக்கென்றே செய்யப்பட்ட காற்சட்டை. அதன் உள்ளே இருக்கும் நீண்ட நார்கள் சங்கிலியில் சிக்கி அதை நிறுத்துகின்றன. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு அந்த வேலையைச் செய்யாது.

சத்தம் 100 டெசிபலைத் தாண்டுகிறது. 85 டெசிபலை எட்டு மணித்தியாலம் தாங்கும் காது, 100 டெசிபலைத் தாங்குவது கால் மணித்தியாலம்தான். அதிர்வோ விரல்களைத் தின்கிறது. குளிர் நாளில் விரல் வெளுத்து மரத்துப்போவது அதன் அடையாளம். மலைநாட்டுக் குளிர் அதை இன்னும் மோசமாக்கும். சகோதரிகளே, வீட்டுக்காரர் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால், தேநீர்க் கோப்பை கைநழுவினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். வைத்தியரிடம் கூட்டிச்சென்று, என்ன வேலை செய்கிறார் என்பதையும் சொல்லுங்கள். முற்றிய பின் அது திரும்பாது.

நிர்வாகத்தின் பதில்கள் எமக்குத் தெரியாதவை அல்ல. பணமில்லை என்பார்கள். மெசினுக்குப் பணம் இருக்கிறது, அதைப் பிடிக்கும் ஆளின் காலுக்குப் பணமில்லையா? கொடுத்தாலும் உங்கள் ஆட்கள் போடமாட்டார்கள் என்பார்கள். அளவுக்குப் பொருந்தாததைக் கொடுத்து, வெட்டிய அளவுக்கே கூலி என்று விரட்டினால் யார்தான் போடுவார்? விரட்டுவதை நிறுத்துங்கள், போடுவார்கள். போடாதவரைக் கேட்கும் பொறுப்பைத் தோட்டக் கமிட்டி ஏற்கும்.

அது கொந்தரப்பு வேலை, எமக்குச் சம்பந்தமில்லை என்பது மூன்றாவது பதில். மரம் தோட்டத்தினுடையது, விறகு எரிவது ஸ்டோரில், தூள் விற்ற காசு கம்பனிக்கு. இரத்தம் மட்டும் கொந்தரப்புக்காரருடையதா? வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க இந்நாட்டில் 1934 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. கொந்தரப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்து அதிலிருந்து தப்ப விடமாட்டோம். ஆளுக்குத் துணை கேட்பதும் எமது பேராசை அல்ல. வனத்தொழில் பாதுகாப்புக்காகச் சர்வதேச தொழில் தாபனம் 1998 இல் வெளியிட்ட நடைமுறைக் கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு ஆள் போதும் என்று சொல்லட்டும்.

ஆகவே எமது கோரிக்கைகள் இவை:

1. மெசின் வாங்குமுன், அதைப் பிடிக்கப்போகும் தொழிலாளரையும் தோட்டக் கமிட்டியையும் கேட்க வேண்டும். கட்டையை அளந்தே மெசினைத் தெரிவு செய்ய வேண்டும்.

2. மெசின் தோட்டத்தின் பெயரில் பதிவாக வேண்டும். பெற்றோல், ஒயில், சங்கிலி, அரம், பழுது எல்லாம் தோட்டத்தின் செலவு.

3. காற்சட்டை, தலைக்கவசம், முகவலை, காதுறை, கையுறை, சப்பாத்து இல்லாமல் எவரையும் வேலைக்கு இறக்கக் கூடாது. பயிற்சி இல்லாதவர் கையில் மெசினைக் கொடுக்கக் கூடாது. பயிற்சி நாளுக்கும் பேர் உண்டு.

4. மெசினுக்கு எப்போதும் இரண்டு ஆள். ஒருவர் அறுக்க, மற்றவர் கட்டைக்கு ஆப்பு வைத்துச் சுற்றிலும் பார்க்க, இருவரும் முறை மாற வேண்டும்.

5. சங்கத்துடன் பேசாமல் நாளளவைக் கூட்டக் கூடாது.

தோட்டத் தலைவர்மார் இந்த ஐந்தையும் எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் புது மெசினைக் கையேற்க வேண்டாம். மெசின் வந்துவிட்டது, பிறகு பேசலாம் என்றால், பேசிய பிறகே ஸ்டார்ட் பண்ணுவோம் என்று சொல்லுங்கள்.

வலுக்கூடிய வாளுக்கு நாம் எதிரிகள் அல்ல. அதன் வலு கட்டையை அறுக்கட்டும். எமது பேரை அறுக்கவும், கால் கையை அறுக்கவும் இடம் கொடோம்.