இதையும் விற்கச் சொல்லாதீர்கள்

30 இஞ்ச் டயா, 24 கேஜ், 90 ஃபீடர். திருப்பூரில் பாதிப் பேருக்கு இந்த எண்கள் மனப்பாடம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வட்டமான ஒரு நிட்டிங் மெஷின், அதில் சுமார் 2,260 ஊசிகள், 90 இடங்களில் நூல் இறங்கும். மெஷின் ஒரு சுற்றுச் சுற்றினால் 2 லட்சத்துக்கும் மேல் கண்ணிகள் விழுந்துவிடும். நிமிடத்துக்கு 25 சுற்று என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு மூன்று நொடிகூட ஆகாது. கையால் பின்னும் சாக்ஸ் ஒரு ஜோடிக்குச் சுமார் 28,000 கண்ணிகள் வேண்டும். ஆக, நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் ஏழு ஜோடிக்கான கண்ணிகளை அந்த மெஷின் போட்டுவிட்டு அடுத்த சுற்றில் இருக்கும்.

அந்த மெஷின்களுக்கு ஊசி மாற்றி, நூல் டென்ஷன் பார்த்துத்தான் என் குடும்பம் நடந்தது. பனியன் கம்பெனியில் நிட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது என் கையில் ஐந்து ஊசியும் ஒரு பந்து உல்லன் நூலும். பார்க்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். நிட்டிங் செக்‌ஷன் முழுக்க ஆம்பளைகள் நிற்கிற ஊரில், ஓர் ஆம்பளை ஊசியைக் கையில் பிடித்தால் மட்டும் என்ன சிரிப்போ, தெரியவில்லை. அது போகட்டும். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி வரும் பாருங்கள், அதுதான் எனக்கு ஆகாது: "ஏனுங்க மாஸ்டர், ஒரு ஜோடி என்ன வெலைக்குப் போகும்?"

போகாது. போகவும் வேண்டாம். கையால் செய்கிற எதைப் பார்த்தாலும் அதில் வருமானம் தேடுகிற பழக்கம் நம்மிடம் ஒரு நோய் மாதிரி பரவிக் கிடக்கிறது. பத்திரிகை இணைப்பிதழ்களைத் திறந்தால், பொழுதுபோக்காகத் தொடங்கினார், இன்று மாதம் இத்தனை ஆயிரம் என்று ஒரு புகைப்படம் இருக்கும். சம்பாதிப்பது நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் ஒருவர் சம்பாதிக்காமல் சும்மா பின்னினால் அதற்கும் ஒரு சமாதானம் சொல்லியாக வேண்டுமா?

எனக்குப் பின்னல் வந்த வழி குன்னூர் வழி. மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பேரன் பிறந்து நாங்கள் போய்த் தங்கியபோது, சம்பந்தியம்மா அடுப்படியில் பால் காயும் நேரத்தில்கூட நான்கு வரி பின்னிவிடுவார். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் படித்த வித்தையாம். மெஷின் ஊசியில் ஒரு சின்ன நாக்கு திறந்து மூடிக் கண்ணியைத் தள்ளிவிடும்; இங்கே அந்த வேலையை ஆள்காட்டி விரல் செய்தது. தொழில்காரன் கண், விடவில்லை. கேட்டுக் கற்றுக்கொண்டேன்.

முதல் ஸ்வெட்டரைப் பருத்தியில் பின்னினேன். திருப்பூர்க்காரன் வேறு எதில் பின்னுவான்? வீட்டில் மிச்சக் கோன்கள் கிடந்தன. 30-ஆம் கவுண்ட் நூலைப் பல இழை சேர்த்துத் தடிமனாக்கி, கழுத்திலிருந்து ஆரம்பித்துக் கீழே இறங்கினேன். முடித்தபோது அளவு கச்சிதம். மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டம் வரை நடந்துவிட்டு வந்தார். இடுப்பில் நின்றது தொடைக்கு இறங்கியிருந்தது. ஒரு தடவை துவைத்த பிறகு கை நீண்டு விரல்களை மூடிக்கொண்டது. மகள் அதை நைட்டி என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

காரணம் எளிது. செம்மறி ஆட்டு ரோமம் பிறவியிலேயே நெளிவு. இழுத்து விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. டீ-சர்ட்டில் இது வெளியே தெரிவதில்லை, ஏனென்றால் அது 150, 160 ஜி.எஸ்.எம். மெல்லிய துணி, கண்ணிகளும் நெருக்கம். கைப்பின்னலில் கண்ணி பெரிசு, நூல் தடிமன். என் ஸ்வெட்டர் முக்கால் கிலோவுக்கு மேல் இருந்தது. அத்தனை எடையும் தோளில் தொங்கி ஒவ்வொரு கண்ணியையும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். காலமெல்லாம் பருத்தி நூலோடு பழகியும், அது எனக்கு இந்த முகத்தைக் காட்டியதே இல்லை. திருப்பூரில் பருத்தி, லூதியானாவில் கம்பளி என்று தொழில் பிரிந்து நிற்பதில் ஊர் குளிர் மட்டும் காரணமில்லை என்று அன்றைக்குப் பட்டது.

அந்த நைட்டியை என்ன செய்தேன்? கடைசி முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தேன். முழுக்க நூலாகத் திரும்பி வந்தது. கம்பெனியில் துணியை வெட்டித்தான் சட்டை. வெட்டினால் மிச்சம், அது பனியன் வேஸ்ட் ஆகி மெஷின் துடைக்கப் போகும். தையலில் பிசகினால் பீஸ் செகண்ட்ஸுக்குப் போகும். பீஸ் ரேட்டில் தைத்த பெண்ணின் அன்றைய கூலியிலும் அது இடிக்கும். கைப்பின்னலுக்குக் கத்தரி வேண்டியதில்லை. உடம்பின் வடிவத்துக்குக் கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும்தான் கை, கழுத்து, தோள் எல்லாம். பிடிக்கவில்லையா, பிரி. அந்தப் பருத்தி இப்போது எங்கள் வீட்டில் பாத்திரம் துடைக்கும் துணிகளாக இருக்கிறது, அருமையாக ஈரம் உறிஞ்சுகிறது. கூலிக்குப் பின்னியிருந்தால் அதைப் பிரித்திருக்கவே மாட்டேன். ஏதோ ஒரு சமாதானம் சொல்லி யார் தலையிலாவது கட்டியிருப்பேன்.

லூதியானாவிலிருந்து வந்த கம்பளி நூலில் அடுத்தது. அதில் வேறு பாடம். இஞ்சுக்கு ஐந்து கண்ணி என்று கணக்குப் போட்டு 200 கண்ணிகள் ஏற்றினால் மார்புச் சுற்று 40 இஞ்ச். கை சற்று இறுகி இஞ்சுக்கு ஐந்தரை ஆகிவிட்டால் அதே 200 கண்ணி 36 இஞ்சுக்கு வந்து நிற்கும். அரைக் கண்ணியில் நாலு இஞ்ச் போய்விடுகிறது. மெஷினில் லூப் லென்த்தை, அதாவது கண்ணியின் அளவை, ஒருமுறை செட் செய்தால் ராத்திரி ஷிஃப்ட் முடியும்வரை மாறாது. என் கையோ, காலையில் ஒரு மாதிரி, செய்தி பார்த்துக்கொண்டே பின்னும்போது வேறு மாதிரி. தேர்தல் முடிவு வந்த வாரத்தில் பின்னிய பாகத்தை இப்போதும் அந்த ஸ்வெட்டரில் தொட்டுக் காட்ட முடியும்.

ஆனால் சாக்ஸ் இருக்கிறதே, அதுதான் நான் ஜெயித்த இடம்.

என் காலமெல்லாம் பார்த்தது குழாய். வட்ட மெஷினிலிருந்து துணி குழாயாகத்தான் இறங்கும், நேராக இறங்கும். சாக்ஸும் குழாய்தான், ஆனால் நடுவில் திரும்ப வேண்டிய குழாய். 64 கண்ணிகளில் பாதியை, 32-ஐ மட்டும் எடுத்து, முன்னும் பின்னுமாகப் பின்னி குதிகாலுக்கு ஒரு பட்டை வளர்க்க வேண்டும். அப்புறம் அந்தப் பட்டையில் முழு வரியும் போகாமல் நடுவிலேயே நின்று, இரண்டு கண்ணியை ஒன்றாக்கி, திரும்பி, கொஞ்சம் தாண்டி நின்று, மறுபடி ஒன்றாக்கித் திரும்ப வேண்டும். சில வரிகள் ஏன் செய்கிறோம் என்றே புரியாது. திடீரென்று தட்டையாக இருந்த பட்டை குழிந்து கிண்ணமாகிவிடும். அதில் குதிகால் உட்காரும். முதல் குதிகால் குழிந்தபோது நான் போட்ட சத்தத்தில், கரண்ட் ஷாக் அடித்துவிட்டதென்று என் வீட்டுக்காரம்மா ஓடி வந்தாள். சாக்ஸ் பின்னும் மெஷின் இதைச் செய்யாமலில்லை. குதிகால் வந்ததும் சுற்றுவதை நிறுத்திவிட்டு அரைவட்டமாக முன்னும் பின்னும் ஆடும் மெஷின்கள் உண்டு. யாரோ ஒரு பாட்டியின் கையைப் பார்த்துத்தானே அதையும் செய்திருப்பார்கள்!

கால்விரல் பக்கம் தையல் மேடு இல்லாமல் மூடுகிற முறைக்கு கிச்னர் பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டன் சுவர்களில் விரல் நீட்டி ஆள் சேர்த்த அதே கிச்னர் பிரபு; 1902 முதல் 1909 வரை இந்தியாவில் படைத்தலைவராக இருந்தவர். அந்தப் பெரிய மீசைக்காரரின் பெயர் ஒரு சாக்ஸின் நுனியில் போய் ஒட்டிக்கொண்டது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நான் பின்னிய சாக்ஸைப் பார்த்துத்தான் மெர்ச்சண்டைசராக இருந்த பழைய நண்பர் ஒருவர் காகிதத்தை எடுத்துக்கொண்டார். "இருங்க மாஸ்டர், ஒரு காஸ்டிங் போட்டர்லாம்." நூல் விலை, ஊசித் தேய்மானம்கூட எழுதினார். மணிக்கூலியை டைலர் ரேட்டில் போட்டார். வந்த தொகையைப் பார்த்து அவரே பேனாவை மூடினார். பிளாட்ஃபாரத்தில் நூறு ரூபாய்க்கு மூன்று ஜோடி விற்கிற காலம். கூலியைப் பாதியாக்கி மறுபடி போட்டார். பிறகு, "கூலியே வெக்காம நூல் காசு மட்டும் பாத்தா..." என்றார். அப்படித்தானே ஆரம்பிக்கும்!

அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது, எல்லா ஊரிலும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளின் பின்னலை உலகமே புகழ்கிறது. அங்கே பின்னிய பெண்களுக்குக் கடைக்காரர்கள் காசாகத் தராமல் தேயிலையாகவும் துணியாகவும் கொடுத்துக் கணக்கை முடித்த வழக்கத்தை பிரிட்டன் அரசே விசாரித்து 1872-இல் அறிக்கை வெளியிட்டது. கைத்தொழில் என்றதும் கண்கலங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வயிற்றுக்காகப் பின்னிய காலத்தில் பின்னல் இனிமையாக இருந்ததில்லை.

1589-இல் வில்லியம் லீ என்கிற ஆங்கிலேயர் காலுறை பின்னும் ஃபிரேம் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். கைப்பின்னல்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்று எலிசபெத் ராணி அதற்கு உரிமை தர மறுத்ததாகச் சொல்வார்கள். ராணி பயந்தது நியாயம். அந்த ஃபிரேம்களை நம்பிப் பிழைத்தவர்களே, கூலி அடிமட்டத்துக்குப் போனபோது, 1811-இல் நாட்டிங்ஹாம் பக்கம் ஃபிரேம்களை உடைத்தார்கள். மறு வருடமே உடைத்தால் தூக்கு என்று சட்டம் வந்தது. அவ்வளவு ரத்தமும் பசியும் உண்டு, நாம் போடுகிற சாக்ஸுக்குப் பின்னால். மெஷின் பலரைத் தெருவில் நிறுத்தியது, மறைக்கவில்லை. ஆனால் இன்றைக்கு இருக்கிற நிலையில், கைப்பின்னலைக் கூலியிலிருந்து விடுவித்ததும் அதே மெஷின்தான். உடுப்புக்குப் பஞ்சமில்லாத ஊரில்தான் ஒருவன் ஒரு குதிகாலுக்காக ஒரு வாரத்தைச் செலவழிக்கலாம். அந்தச் சுதந்திரத்தைத் திருப்பிக்கொண்டுபோய் மறுபடி காஸ்டிங் தாளில் எழுதச் சொல்கிறீர்களே.

பின்னி விற்கத்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் உண்டு. மலையில் பாதையோரம் குழந்தைக் குல்லா வைத்து விற்கும் பெண்களிடம் பேரம் பேசாதீர்கள். அவர்கள் கேட்கும் விலையில் நூல் காசு போக மணிக்கு என்ன நிற்கும் என்று நண்பரின் தாளைப் பார்த்த எனக்குத் தெரியும். நான் பேசுவது என்னைப் போலப் பென்ஷனோ பிள்ளைகளோ இருக்கிறவர்களைப் பற்றி. எங்களுக்கு ஆர்டர் பிடித்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டு வராதீர்கள். நான் விலையைக் குறைத்தால் அந்தப் பெண்களின் வயிற்றில்தான் அடி.

அப்புறம், ஜெயித்த பொருளும் நிலைக்கும் என்று இல்லை. பேரனுக்குப் பின்னிய சிவப்பு ஸ்வெட்டர், கை இரண்டும் ஒரே நீளத்தில் வந்த முதல் ஸ்வெட்டர், ஒரு நாள் சுடுதண்ணீர் வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. கம்பளி இழையில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் உருட்டலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். அதற்கப்புறம் பிரிக்கவும் வராது. பொம்மைக்குப் போடுகிற அளவில் வெளியே வந்தது. "அப்புச்சி, இது தம்பிப் பாப்பாவுக்கா?" என்றான் பேரன். மகள் சத்தமில்லாமல் அதை வெட்டி இரண்டு சட்டி பிடிக்கும் துணியாக்கிவிட்டாள். வெட்டினாலும் நூல் பிரியவில்லை, சூடும் தாங்குகிறது.

இப்போது சம்பந்திக்கு ஒரு ஜோடி ஓடிக்கொண்டிருக்கிறது. கணுக்கால் முறிந்து சேர்ந்த பிறகு அவருக்கு இடது கால் சற்று அகலம். எந்தக் கடை ஜோடியும் ஒரு காலில் இறுக்கும், இல்லை ஒரு காலில் சுருளும். வலதுக்கு 64, இடதுக்கு 70 என்று ஏற்றியிருக்கிறேன். சும்மா வாங்கிக்கொள்ள அவருக்குக் கூச்சம். "காசு வாங்கலீன்னா எனக்கு வேண்டாம் சம்பந்தி" என்று போனில் ஒரே பிடிவாதம். நானும் சொல்லிவிட்டேன்: காசு பேசினால் இடது காலோடு நிறுத்திவிடுவேன், பச்சைத் தண்ணீரில் கையால் அலசுவதாக இருந்தால் மட்டும் வலதும் வரும்.