எடிசனும் அந்த யானையும்: பகிர முன் ஒரு நிமிடம்



இரண்டு மூன்று நாட்களாக எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பழைய வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்டி வைக்கப்பட்ட ஒரு யானை. காலடியில் இருந்து புகை கிளம்புகிறது. அப்படியே சரிந்து விழுகிறது. "டெஸ்லாவைத் தோற்கடிக்க எடிசன் செய்த கொலை" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். நேற்று தரம் 10 வகுப்பில் ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: "சேர், எங்கட புத்தகத்தில வாற எடிசன் இவர்தானா?"

"அந்த யானையை அவர் கொல்லவில்லை மகள். ஆனால் அவர் கை சுத்தம் என்றும் சொல்ல ஏலாது" என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. வகுப்பில் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் வாசித்தால் நல்லது.

முதலில் யானை. அதன் பெயர் டொப்சி. அது கொல்லப்பட்டது 1903 ஜனவரி 4 ஆம் திகதி, நியூயோர்க் கோனி தீவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த லூனா பார்க் என்ற களியாட்டப் பூங்காவில். சர்க்கஸில் இருந்தபோது ஒரு மனிதனைக் கொன்ற யானை அது. இனி வைத்திருக்க முடியாது என்று முடிவெடுத்தவர்கள் பூங்கா உரிமையாளர்கள். மின்சாரம் கொடுத்த கம்பனியின் பெயரிலும், படம் பிடித்த கம்பனியின் பெயரிலும் "எடிசன்" என்ற சொல் இருந்தது. குழப்பம் அங்கேதான் தொடங்கியது. எடிசனின் மின்சாரக் கம்பனி 1892 இலேயே இன்னொரு கம்பனியோடு இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆகிவிட்டது. மின்னோட்டப் போட்டியும் அந்தக் காலத்திலேயே முடிந்துவிட்டது. முடிந்த போட்டிக்காகப் பத்து வருடம் கழித்து யாரும் யானையைக் கொல்லத் தேவையில்லை.

அப்படியானால் எடிசன் குற்றமற்றவரா? இல்லை. உண்மைக் கதை 1888 இல் இருக்கிறது. அதில் யானை இல்லை, நாய்கள் இருக்கின்றன. அதனால்தான் அதை யாரும் பகிர்வதில்லை போலும்.

எடிசன் 1882 இல் நியூயோர்க்கில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது நேரோட்டத்தில். அந்த மின்சாரத்தை ஏறக்குறைய ஒரு மைலுக்கு மேல் கொண்டுபோவது கஷ்டம். அவருடைய போட்டியாளர் ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ஆடலோட்டத்தைக் கொண்டுவந்தார். அழுத்தத்தைக் கூட்டித் தூரத்துக்கு அனுப்பலாம், வீட்டருகில் நிலைமாற்றியால் குறைக்கலாம். டெஸ்லாவின் கண்டுபிடிப்புகளுக்கான உரிமையையும் 1888 இல் அவர் பெற்றுக்கொண்டார். நேரடிப் போட்டி எடிசனுக்கும் வெஸ்டிங்ஹவுஸுக்கும்தான்.

விலையிலும் தூரத்திலும் வெல்ல முடியாத இடத்தில் எடிசன் தரப்பு பயத்தைக் கையில் எடுத்தது. ஹரோல்ட் பிரவுன் என்ற மின் பொறியியலாளர் ஆடலோட்டம் ஆளைக் கொல்லும் என்று பிரசாரம் செய்தார். வெஸ்ட் ஒரேஞ்சில் இருந்த தன் ஆய்வுகூடத்தையும் உபகரணங்களையும் உதவியாளரையும் எடிசன் அவருக்குக் கொடுத்தார். தெருநாய்களைப் பிடித்துக் கொடுக்கும் சிறுவர்களுக்குக் காசு கொடுக்கப்பட்டது. அந்த நாய்கள் ஒவ்வொன்றாக மின்சாரத்தால் கொல்லப்பட்டன.

1888 ஜூலை 30 ஆம் திகதி கொலம்பியா கல்லூரியில் பார்வையாளர்கள் முன் ஒரு நாயைக் கூட்டில் அடைத்தார் பிரவுன். நேரோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டி 1000 வோல்ற் வரை கொடுத்தார். நாய் துடித்தது, சாகவில்லை. பிறகு 330 வோல்ற் ஆடலோட்டம். செத்துவிட்டது. "பார்த்தீர்களா, எது ஆபத்து?" என்பதுதான் அவர் காட்ட நினைத்த பாடம். ஏற்கெனவே அரை உயிராக்கிய நாயில் இது என்ன சோதனை என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களே கேட்டார்கள். அடுத்த நாயைக் கொண்டுவந்தபோது விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் அதிகாரி குறுக்கிட்டு நிறுத்தினார்.

நிறுத்தியதோடு முடியவில்லை. நாய் சிறியது, மனிதனுக்கு இது பொருந்தாது என்று சிலர் சொன்னார்கள். அதற்குப் பதிலாக டிசம்பர் 5 ஆம் திகதி எடிசனின் ஆய்வுகூடத்திலேயே கன்றுகளும் ஒரு குதிரையும் கொல்லப்பட்டன. பத்திரிகையாளர்கள் வந்திருந்தார்கள். எடிசனும் நின்று பார்த்தார்.

"அந்தக் காலம் அப்படி, இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது" என்று சில ஆசிரியர் நண்பர்கள் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. அந்தச் சங்கம் நியூயோர்க்கில் 1866 இலேயே தொடங்கப்பட்டது. தடுக்க வந்த மனிதர் அதே மண்டபத்தில் நின்றார். அது பிழை என்று அந்தக் காலத்துக்கும் தெரிந்திருந்தது.

"அவர் சொன்னது உண்மைதானே, ஆடலோட்டம் ஆபத்துத்தானே" என்று இன்னொரு கேள்வி. உண்மைதான். அதே அழுத்தத்தில் இதயத்துக்கு ஆடலோட்டம்தான் கூடுதல் ஆபத்து. ஆனால் பாதுகாப்புத்தான் நோக்கம் என்றால் நல்ல காப்பு உறை, ஒழுங்கான கம்பி, சட்டம் என்று பேசியிருக்கலாம். அவர்கள் தேடியது அறிவு அல்ல, விளம்பரம். முடிவை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு அதைக் காட்டுவதற்காக ஓர் உயிரை எடுப்பதற்குப் பரிசோதனை என்று பெயர் வைக்க முடியாது.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. எடிசன் மரண தண்டனையை எதிர்த்தவர். மின்சாரத்தால் தண்டனை நிறைவேற்றுவது பற்றி முதலில் ஆலோசனை கேட்டபோது மறுத்தார். பிறகு 1887 டிசம்பரில் எழுதிய கடிதத்தில், அதற்குப் பொருத்தமானது வெஸ்டிங்ஹவுஸின் ஆடலோட்ட இயந்திரம்தான் என்று சிபாரிசு செய்தார். போட்டியாளரின் பெயர் மரணத்தோடு சேர வேண்டும் என்பதற்காகத் தன் மனச்சாட்சியையே ஒதுக்கி வைத்தார். 1890 ஓகஸ்ட் 6 ஆம் திகதி வில்லியம் கெம்லர் என்ற கைதி மின்சார நாற்காலியில் முதலாவதாகக் கொல்லப்பட்டார். முதல் தடவை பாய்ச்சியபோது அவர் சாகவில்லை. இரண்டாம் தடவையும் பாய்ச்ச வேண்டி வந்தது. நாயில் தொடங்கியது மனிதனில் வந்து நின்றது.

இவ்வளவும் செய்து கிடைத்தது என்ன? எங்கள் வீட்டுச் சுவரில் உள்ள செருகியில் இன்று வருவது 230 வோல்ற் ஆடலோட்டம். அந்த நாய்கள் ஒன்றுக்கும் உதவாமல் செத்தன.

தாகத்தால் தவித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் அள்ளியவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை நாம் எல்லோரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். ஒரு செய்தி வந்தால் விசாரித்துப் பார்க்கச் சொன்ன மார்க்கமும் இதுதான். இரண்டும் இந்த வீடியோவுக்குப் பொருந்தும்.

ஆசிரியர்களாகிய நாமும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எத்தனை தடவை தோற்றும் மின்குமிழை விடாமல் முயன்றவர் என்ற எடிசனை மட்டும்தான் நாம் சொல்லிக்கொடுத்தோம். மீதியை நாம் சொல்லாததால் வட்ஸ்அப் பிழையாகச் சொல்லிக்கொடுக்கிறது. பொய்யான யானைக் கதை ஒருநாள் உடையும்போது, நாய்களின் உண்மைக் கதையும் சேர்ந்து பொய்யாகிப் போகும்.

அந்த மாணவிக்கு அடுத்த பாடவேளையில் இவ்வளவையும் சொல்வேன். மின்குமிழையும் சொல்வேன், நாய்களையும் சொல்வேன். நீங்கள் அந்த வீடியோவை ஏற்கெனவே பகிர்ந்திருந்தால், தயவுசெய்து இதையும் அதே குழுவில் போட்டுவிடுங்கள்.