ஈறு நோவும் ஏமாற்றுக் குப்பியும்

விதை முளைக்கிறது என்கிறோம். பல் முளைக்கிறது என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே வினை. மண்ணைப் பிளந்து நெல் கிளம்புவதையும், ஈற்றைப் பிளந்து பால்பல் வெளிவருவதையும் ஒரே கண்கொண்டு பார்த்த இனம் வழங்கிய சொல் அது. நாற்றங்காலில் முளை தலைகாட்டுகையில் எந்த உழவனும் மருந்துக் கடைக்கு ஓடியதில்லை. இன்றோ அவ்வுழவனின் பெயர்த்திக்கு ஆறாம் திங்களில் ஈறு சற்றே தடித்து, வாய்நீர் வடிந்து, இரவில் இருமுறை வீறிட்டுவிட்டாற் போதும். செங்கற்பட்டுக் கடைத்தெருவில் ‘டீத்திங் ஜெல்’ எங்கே கிடைக்கும் என்று தேடுகிறான். முளைப்பு என்று சொன்னவரை அஃது இயற்கை. ‘டீத்திங்’ என்றவுடன் அது நோய். நோய் என்றானதும் அதற்கொரு குப்பி, குப்பிக்கொரு விலை!

இச்சிறு செய்திக்கு இவ்விதழில் இடம் எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். அவர்கள் ஒருமுறை மறைமலைநகர்க்குச் சென்று வரட்டும். வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டு, 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த அடிகளாரின் பெயர் தாங்கிய ஊர் அது. அவர் 1950-இல் மறையும்வரை வாழ்ந்த பல்லாவரமும், 2019-இல் பிரிந்தமைந்த இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்திற்குள்தான் இருக்கிறது. அடிகளார் பெயரிட்ட ஊரில், குழவியின் வாய்க்குள் தடவும் மருந்தின் உறையில் ஓரெழுத்துத் தமிழைத் தேடிக் களைக்கிறோம். பெயரில் என்ன இருக்கிறது என்று நகைத்தவர்க்கு இங்கே விடை இருக்கிறது. பெயரிலும் எழுத்திலும் ஒரு பச்சைக் குழவியின் உயிர் இருக்கிறது.

முதலில் உண்மையைத் தெரிந்துகொள்வோம். பெரும்பான்மைக் குழவியர்க்கு ஆறாம் திங்களை ஒட்டிக் கீழ்வரிசை முன்பற்கள் இரண்டும் முதலில் வரும். நான்காம் திங்களில் வருவதும் உண்டு. ஆண்டு நிறையும்வரை வாராதிருப்பதும் உண்டு. மூன்றாம் அகவை நிறையுமுன் இருபது பால்பற்களும் வந்து முடியும். பல் வெளிவரும் நாளையொட்டி ஈறு நமைக்கும், வாய்நீர் மிகும், கண்டதைக் கடிக்கத் தோன்றும், உறக்கம் கலையும், உடற்சூடு சிறிதே கூடும். அவ்வளவே. அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவர்கள் 125 குழவியரை நாள்தோறும் பெற்றோர் குறிப்பெடுக்கச் செய்து, 475 பற்கள் முளைத்ததைக் கணக்கிட்டு, 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பல் வெளிவருமுன் நான்கு நாளும், வந்த நாளும், பின்னர் மூன்று நாளுமாக எட்டு நாள்களில்தான் இத்தொல்லை காணப்பட்டது. அதிலும் எந்த ஓர் அறிகுறியும் மூன்றிலொரு பங்குக் குழவியர்க்குச் சற்று மேல் காணப்படவில்லை. கடுங்காய்ச்சலுக்குப் பல் கரணியம் அன்று என்பதே அவர்கள் கண்டது.

இதைக் கேட்டு நம்மவருள் பலர் முகம் சுளிப்பர். “எங்கள் வீட்டில் ஒவ்வொரு பல்லுக்கும் காய்ச்சலும் கழிச்சலும் வந்ததே” என்பர். வந்திருக்கும். தாயிடமிருந்து கருவிலேயே பெற்ற நோய்த்தடுப்பு ஆற்றல் குறையத் தொடங்குவதும் அந்த ஆறாம் திங்களில்தான். தவழ்ந்து சென்று தரையிலுள்ளதையெல்லாம் எடுத்து வாயிலிடுவதும், தாய்ப்பாலொடு பிற உணவும் நீரும் தொடங்குவதும் அப்போதுதான். நோய்க்கிருமி ஒரு வாயிலால் நுழைகிறது. பல் அதே வாயில் முளைக்கிறது. குற்றம் செய்தவன் தப்பிவிட, அருகில் நின்ற பல் பழி சுமக்கிறது!

இப்பழியால் பல்லுக்கு ஒரு கேடும் இல்லை, குழவிக்கு உண்டு. ‘பல்லுக்குப் போகிறது, தானே நின்றுவிடும்’ என்று இரண்டு நாள் காத்திருந்த வீட்டில், மூன்றாம் நாள் குழவியின் உச்சிக்குழி உள்வாங்கிக் கண் குழிந்து போகிறது. நீரிழப்புக்குப் பல்லின் பெயரும் தெரியாது, மாந்தத்தின் பெயரும் தெரியாது. கடற்கரையில் கொக்கிலமேடாயினும் சதுரங்கப்பட்டினமாயினும், உள்நாட்டில் திருக்கழுக்குன்றமாயினும், கழிச்சல் கண்ட குழவிக்குத் தாய்ப்பாலை நிறுத்தாது உப்பும் இனிப்பும் அளவாய்க் கலந்த நீர்ப்பொடியைக் கரைத்துப் புகட்டி, மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லவேண்டும். செங்கற்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி 1965-இலிருந்து இருக்கிறது. அதற்குச் செல்லும் வழியைப் பல் மறித்துக்கொண்டு நிற்பதை நாம் பொறுக்கலாகாது.

பல்லை நோயாக்கிய பெருமை ஐரோப்பியர்க்கே பெரிதும் உரியது. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் ஆம்புருவாசு பாரே, பல் வெளிவரும்பொருட்டுக் குழவியின் ஈற்றைக் கத்தியால் கீறச் சொன்னார். முந்நூறு ஆண்டுக்கு மேலாக அவ்வழக்கம் நடந்தது. இங்கிலாந்து, வேல்சு நாடுகளின் இறப்புப் பதிவில் 1839-இல் 5,016 சாவுகளுக்குக் ‘கரணியம்: பல் முளைப்பு’ என்றே எழுதி வைத்தனர். அறியாமை அரசுப் பதிவேடு ஏறியது. அதன் பின்னால் வணிகம் வந்தது.

அமெரிக்காவில் 1849-இல் ‘வின்சுலோ அம்மையாரின் அமைதிச் சாறு’ என்றொரு குப்பி விற்பனைக்கு வந்தது. பல் முளைக்கும் குழவியின் அழுகை உடனே நிற்கும் என்றனர். நின்றது, உள்ளே இருந்தது அபினியிலிருந்து எடுத்த மார்பீன். சில குழவியர்க்கு அழுகையோடு மூச்சும் நின்றது. 1911-இல் அமெரிக்க மருத்துவக் கழகமே அதனைக் குழவிக்கொல்லி வரிசையில் வைத்துக் கண்டித்தது. அதன்பின்னும் இருபதாண்டளவு அது கடையில் இருந்தது. மற்றொருபுறம், பல்முளைப்புப் பொடி என்று இங்கிலாந்திலும் ஆத்திரேலியாவிலும் விற்றதில் பாதரசம் என்னும் இதள் சேர்ந்திருந்தது. தின்ற குழவியர்க்குக் கையும் காலும் இளஞ்சிவப்பாகித் தோல் உரிந்தது. ஒளியைக் காண இயலாமல் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதனர். என்ன நோயென்று தெரியாமல் நிறத்தை வைத்துப் பெயரிட்டனர். 1948-இல் அமெரிக்க மருத்துவர் வார்க்கனியும் அப்பார்டும் இதளே கரணியம் என்று எடுத்துக்காட்டினர். 1954-இல் இங்கிலாந்தில் அப்பொடியிலிருந்து இதளை நீக்கினர். நோயும் ஏறத்தாழ மறைந்தது. மருந்தே நோயாக இருந்ததற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நமக்கு நெருங்கிய ஒரு குப்பியையும் சொல்லவேண்டும். வில்லியம் உட்வர்டு என்பவர் 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ஆக்கிய ‘கிரைப் வாட்டர்’, பல் முளைக்கும் குழவிக்கும் வயிற்று நோவுக்கும் ஒன்றேபோல் பரிந்துரைக்கப்பட்டது. அதன் பழைய கலவையில் சதகுப்பை நெய், உவர்ப்பொடி, இனிப்பு, நீர் ஆகியவற்றோடு நூற்றுக்கு மூன்றரைப் பங்கிற்கும் மேல் சாராயம் இருந்தது. இன்று இங்கே விற்பதில் சாராயம் இல்லை. அதை மறைத்துரைப்பது முறையன்று. நாம் கேட்பது வேறு. குழவி அழ, தாய் திகைக்க, அவள் தாயும் தாயின் தாயும் தாம் வளர்த்த முறையென்று அதே குப்பியைக் கைகாட்டும் விளம்பரத்தைத் தமிழ்நாட்டில் பார்க்காத வீடு உண்டா? நாட்டிங்காமில் பிறந்த குப்பி எப்போது நம் பாட்டியின் மரபு ஆயிற்று? சதகுப்பை நம் நாட்டு மருந்துக் கடையில் நெடுங்காலமாய்க் கிடக்கும் சரக்கு. அதை நம்மிடமே ஆங்கிலப் பெயரிட்டு விற்றதோடு நில்லாமல், நம் பாட்டியையே விற்பனையாளராக்கிவிட்டனர்.

இப்போது விற்கும் தடவு களிம்புகளும் அப்படியொன்றும் தூயன அல்ல. பென்சோகெயின் சேர்ந்த மரத்தல் மருந்து, குருதியின் உயிர்வளி சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துச் சில குழவியரை நீலம்பாரிக்கச் செய்ததால், இரண்டு அகவைக்குட்பட்டோர்க்கு அதனை விற்பதை நிறுத்துமாறு 2018-இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை கேட்டுக்கொண்டது. லிடோகெயின் நீர்மத்திற்கு 2014-இலேயே கடும் எச்சரிக்கை பொறிக்க ஆணையிட்டது. சாலிசிலேட்டு சேர்ந்த வாய்க்களிம்பைப் பதினாறு அகவை நிறையாதோர் பயன்படுத்தலாகாது என்று இங்கிலாந்து 2009-இல் அறிவுறுத்தியது. அவர்கள் நாட்டில் கதவடைக்கப்பட்ட சரக்கு, படிக்கத் தெரியாத மொழியில் உறையிடப்பட்டு நம் கடையில் கிடந்தால் அதைத் தாய் எவ்வாறு அறிவாள்?

இதுவரை படித்து மகிழ்ந்த அன்பர்கள் இனிச் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம். அயலான் மருந்தைச் சாடுவது எளிது. தமிழ்ப் பெயர் ஒட்டியிருப்பதால் எதையும் குழவிக்கு ஊட்டலாம் என்று நம் தோழர் சிலர் மேடையில் முழங்குகின்றனரே, அவர்களையும் கேட்கவேண்டும்.

வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று அழகிய பெயர் உண்டு. அழகிய பெயர் நஞ்சை முறிக்காது. நம் நாட்டு வசம்பின் நெய்யில் மிகுதியாக உள்ள அசரோன் என்னும் பொருள் விலங்காய்வில் கட்டி உண்டாக்கியதால், 1968-இலேயே அமெரிக்கா உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடுத்தது. சுட்டுக் கருக்கி நாக்கில் ஒரு கோடிழுப்பது பழைய வழக்கம். இன்றோ மணிக்கட்டில் கட்டிக் கடிக்கவே விடும் வசம்பு வளையலாக விற்கின்றனர். வாய்நீரில் ஊறிய துண்டு பிய்ந்தால் தொண்டைக்குள்தானே போகும்? வெங்காரத்தைத் தேனில் குழைத்து ஈற்றில் தடவுவோரும் உளர். அத்தகைய கலவையைத் தோய்த்த சூப்பியால் ஏழு குழவியர்க்கு வலிப்பு வந்ததை 1983-இல் மருத்துவ ஏடொன்று எழுதியது. தேன் தனியாயினும் ஓராண்டு நிறையாத குழவிக்கு ஆகாது. அதிலுள்ள நுண்விதை குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சைச் சுரக்கும் என்பது 1976-இலிருந்து அறிந்த உண்மை. நம் முன்னோர் இதை அறியாதது குற்றமன்று. அறிந்தபின் நாம் மறைப்பது குற்றம். ‘இயற்கை’ என்பது ஒரு சான்றிதழ் அன்று, எட்டிக்காயும் இயற்கைதான்!

அப்படியாயின் குழவியின் நோவுக்கு என்செய்வது? விலையில்லாதவை உண்டு. கையை நன்கு கழுவி, நகம் ஒட்ட வெட்டிய விரலால் ஈற்றை மெல்ல அழுத்தித் தேய்த்தல் முதன்மையானது. பல் நோவுக்கு எதிரழுத்தமே பெருந்துணை. கொதிக்கவைத்து ஆற்றி மண்பானையில் குளிர்ந்த நீரில் தூய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு மறுநுனியைத் தாய் கடிக்கக் கொடுக்கலாம். பிற உணவு தொடங்கிய குழவிக்கு, கோவளம் முதல் புதுப்பட்டினம் வரை கோடையில் கிடைக்கும் இளநுங்கை உரித்துக் கழுவி, கூழாக மசித்துக் குளிர்ச்சியாய் ஊட்டலாம். பனங்கிழங்குத் துண்டு கூடாது, அதன் நார் சிக்கும். ஒரே மரத்தில் கடைந்த, சாயம் பூசாத, பிளவில்லாத மரப்பாச்சி வாய்க்கு ஏற்றது. மல்லைக் கடைகளில் தொங்கும் சாயச்சிப்பியும் மணிகளும் வாய்க்குரியன அல்ல. கழுத்தில் எந்த மணியும் கயிறும் வேண்டா: ‘பல்முளைப்பு மாலை’ இறுக்கி ஒன்றரை ஆண்டுக் குழவி இறந்ததால் 2018-இல் அமெரிக்காவில் அதற்கும் எச்சரிக்கை விடுத்தனர். வடியும் நீரை அவ்வப்போது ஒற்றி எடுக்காவிடில் முகவாய் புண்ணாகும். மேலும் நோவு மிகின், எடைக்கேற்ற நோவாற்றி மருந்தை மருத்துவர் சொல்வார்.

இவற்றுள் எதற்கும் உறை இல்லை, விளம்பரம் இல்லை. கடல்மல்லையில் கண்ணன் மலைதாங்கும் சிற்பத்தில் பால் கறக்கப்படும் ஆ, திரும்பித் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன் அதைச் செதுக்கிய கைக்கு, தேற்றுதல் என்பது யாது என்று தெரிந்திருந்தது. சுற்றுலா வருவோர் அதன் முன் படமெடுத்துக்கொண்டு நகர்கின்றனர்.

நம் மருத்துவத்தைத் தூக்கியெறியச் சொல்கிறோம் என்று எவரும் திரிக்க வேண்டா. செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் 1986-இலிருந்து இருளர் பழங்குடி மகளிர் நலச்சங்கம் மூலிகைகளை வளர்த்தும் காத்தும் வருகிறது. தாம்பரத்தில் 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் குழந்தை மருத்துவத்திற்கென்றே தனித்துறை உண்டு. உரைமருந்தில் சேரும் கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், வசம்பு ஒவ்வொன்றும் எத்திங்களில் எவ்வளவு தகும், எது அறவே தகாது என்று அளந்து, தாய்மார்க்கு விளங்கும் தமிழில் ஊர்தோறும் சேர்ப்பிப்பது அத்துறையின் கடன். ‘தேசிய’ என்னும் வடசொல் பலகையில் இருக்கிறது. ஆய்வின் பயனாவது தமிழில் வரட்டும்.

இனி உறைக்கு வருவோம். பொதிந்து விற்கும் பண்டங்களின் விவரத்தை இந்தியிலோ ஆங்கிலத்திலோ பொறிக்கவேண்டும் என்கின்றன நடுவணரசின் 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள். உணவுப் பொருள்களுக்கும் அவ்வாறே. வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. சேர்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தமிழ் மட்டும் அறிந்த தாய்க்கு, தன் குழவியின் வாயில் இடும் பொருளின் எச்சரிக்கையைப் படிக்கும் உரிமை சட்டத்தில் இல்லை. இந்தியில் எழுதினால் சட்டம் நிறைவடைந்துவிடுமாம். சதுரங்கப்பட்டினத்து மீனவத்தாய் எக்கேடு கெட்டால் என்ன?

தமிழ்நாட்டரசு இதில் வாளாவிருக்கலாகாது. ஈராண்டு நிறையாத குழவிக்கென விற்கும் எப்பொருளாயினும், உட்பொருள், அளவு, தகாத அகவை, எச்சரிக்கை ஆகிய நான்கும் படிக்கும் அளவிலான தமிழெழுத்தில் இல்லாமல் தமிழ்நாட்டுக் கடையில் வைக்க இயலாதவாறு நடுவணரசை நெருக்கி விதி திருத்தவேண்டும். அதுவரை மருந்துக் கடைகளில் அவ்விவரத்தைத் தமிழில் எழுதி ஒட்டச் செய்ய ஆணையிடட்டும். அன்பர்கள் தத்தம் ஊரில் அடுத்தமுறை கடைக்குச் செல்லும்போது குழவி மருந்தின் உறையை எடுத்து, “இதில் என்ன எழுதியிருக்கிறது, தமிழில் சொல்லுங்கள்” என்று கடைக்காரரைக் கேட்க. அவர்க்கும் தெரியாதாயின் அந்த உறையை அங்கேயே வைத்துவிட்டு, அவ்வுறையின் பெயரை எழுதி மாவட்ட ஆட்சியர்க்குத் தமிழில் ஒரு மடல் விடுக்க.